யோருன் வாய் திறக்காத நாள்

அத்தியாயம் பதினொன்று

மழைக்கோட்டின் மேல் பொத்தானை மட்டும் அஸ்லாக் தன் மனைவிக்கு விட்டுவைப்பார். மற்றதெல்லாம் இடது கையாலேயே போட்டாகிவிடும். மோவாய்க்குக் கீழே இருக்கும் அந்த ஒன்று மட்டும் ஒற்றைக் கைக்குப் படிவதில்லை. அன்று காலை யோருன் அதைப் போட வந்தபோது அது அவள் விரலிலிருந்து இரண்டு தடவை நழுவியது. குளிர் என்று அஸ்லாக் நினைத்திருக்கலாம். நமக்குத் தெரியும், குளிர் இல்லை.

போன வாரம் அவள் செய்த காரியம் அப்படி. அரசு அனுப்பும் கடிதங்கள் வந்து விழும் இணையப் பெட்டியில் அஸ்லாக்குக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. ஹர்டாங்கர் பக்கம் ஒரு பயிற்சி இல்லம். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் எட்டு வாரம் தங்கிப் பேசப் பழகலாம். வருகிறீர்களா, இல்லையா? பதிலை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவருக்கு உதவியாளர் என்று பதிவாகியிருப்பது யோருன் என்பதால் அழுத்தும் உரிமையும் அவளிடம்தான் இருந்தது.

அஸ்லாக்கிடம் கேட்டாள், கேட்காமல் இல்லை. ஆனால் எப்படிக் கேட்டாள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். பக்கவாதம் வந்த இந்த மூன்று வருடமாக அவர் வாய் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஆமாம் என்று நினைப்பார், வாய் இல்லை என்று சொல்லும். எதையும் இரண்டு விதமாகத் திருப்பிக் கேட்டு, கட்டைவிரல் மேலே போகிறதா கீழே போகிறதா பார்க்க வேண்டும் என்று மருத்துவமனையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காபி வேண்டுமா, காபி வேண்டாமா என்று அந்தச் சின்ன விஷயத்துக்குக்கூட இரண்டு முறை கேட்கிறவள் யோருன். அன்றைக்கு, அவர் டிவியில் பனிச்சறுக்குப் போட்டியில் மூழ்கியிருந்த நேரமாகப் பார்த்து, ஒரே தடவை கேட்டாள்.

"எட்டு வாரம் எங்கயோ போய்த் தங்கணுமாம். போறியா?"

"இல்ல" என்றது வாய்.

அவள் திருப்பிக் கேட்கவில்லை. கட்டைவிரல் பக்கம் பார்க்கவே இல்லை. 'வரவில்லை' என்பதை அழுத்திவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

இன்று அஸ்லாக் எங்கே கிளம்புகிறார் என்று கேட்கிறீர்களா? வியாழக்கிழமைதோறும் தேவாலயத்து அடித்தளத்தில் பேச்சிழந்தவர்கள் கூடிக் காபி குடிப்பார்கள். அங்கே ஓர் இளைஞன் வந்து படம் போட்ட அட்டை ஒன்றை அவரிடம் கொடுத்திருந்தான். ஒரு கட்டடத்தின் படம், ஒரு கடிகாரத்தின் படம், ஒரு கணினியின் படம், 'எங்களுக்கு உதவுங்கள்' என்று பெரிய எழுத்து. கட்டடத்தைப் பார்த்ததும் யோருன் அடையாளம் கண்டுகொண்டாள். அந்த இணையப் பெட்டியை வடிவமைக்கும் அலுவலகம், மகள் தோரா வேலை செய்யும் இடம்; இன்று கிளம்புவது அங்கேதான். மகள்தான் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மகளுக்கோ எதுவுமே தெரியாது.

*

அதே நேரத்தில் தோரா காபி இயந்திரத்தின் முன்னால் நின்று தன் சக ஊழியன் ஐவின்டோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

உதவியாளர் சேவை அவளுடைய செல்லப்பிள்ளை. நோயாளியின் சார்பில் வீட்டில் ஒருவர் கடிதம் படிக்கலாம், பதில் அனுப்பலாம். இலையுதிர் காலத்திலிருந்து இந்தப் பெர்கன் நகரில் மட்டும் வெள்ளோட்டம். வருகிற திங்கட்கிழமை நாடு முழுவதும் திறக்கப் போகிறது. அப்பாவுக்காக அம்மா படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து வரைந்த பக்கங்கள் அவை. அம்மா எங்கே திணறினாள், எங்கே பெருமூச்சு விட்டாள் என்று அவளுக்கு மனப்பாடம்.

"இத்தனை பேரை உக்கார வெச்சு சோதிச்சாச்சு, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. கடைசி வாரத்துல எதுக்குடா புதுசா ஆளுங்களக் கூப்பிடறே?"

"எல்லாரும்னா யாரு?" என்றான் ஐவின்ட். "பொண்டாட்டி, புருஷன், பொண்ணு, புள்ள. பேச்சு போனவங்க ஒருத்தர் உண்டா, சொல்லு."

தோரா யோசிப்பதற்குள் அவனே சொன்னான்.

"ஒருத்தர்கூட இல்ல. ஏன் தெரியுமா? நாம எல்லாரையும் போன்ல கூப்பிட்டோம். போன் எடுத்துப் பேச முடிஞ்சவங்கதான் வந்தாங்க. பேச முடியாதவங்களுக்கு ஒரு சேவை கட்டறோம், அதுக்கு ஆள் தேடறது போன்ல. நம்மள என்ன சொல்றது?"

தோராவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது.

"அதான் நானே அந்தத் தேவாலயத்துக்குப் போய்ப் படம் போட்ட அட்டை கொடுத்துட்டு வந்தேன். வரச் சொன்னவங்கள்ள மூணு பேர் வந்து முடிச்சுட்டாங்க. இன்னிக்கு நாலாவது ஆள்."

"பேரு?"

"பேரு சொல்லக்கூடாதுல்ல. நாலாம் நபர்."

நாலாம் நபர் கீழே வரவேற்பறையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். கூடவே யோருன், கையில் ஃபிளாஸ்க்கும் ரொட்டிப் பொட்டலமுமாக. தோரா படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, நீ எங்க இங்க?"

"நீதானடி வரச் சொன்னே?"

தோரா ஐவின்டை ஒதுக்கமாக இழுத்துப் போனாள். "இவர் எங்கப்பா. சொந்தக்காரங்கள வெச்சு சோதிக்கக்கூடாதுன்னு ஒரு முறை இருக்கு. வேண்டாம்னு சொல்லி அனுப்பிடறேன்."

"சோதிக்கப் போறது நான். எனக்கு அவர் சொந்தம் இல்ல. அட்டையப் பார்த்துட்டு அவரா வந்திருக்கார். அவருக்காக நீ வேண்டாம்னு சொல்லப் போறியா?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவன் குரல் எட்டும் தூரத்தில் பொட்டலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற யோருனின் முகம் வெளுத்ததை யாரும் கவனிக்கவில்லை.

*

சோதனை அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மடிக்கணினி. மேலே ஒரு கேமரா. அது காட்டுவதைப் பக்கத்து அறைத் திரையில் பார்க்கலாம்.

யோருன் வழக்கம்போல அஸ்லாக்குக்குப் பின்னாலேயே நுழையப் போனாள். ஐவின்ட் அவரைப் பார்த்துக் கேட்டான்.

"உங்க மனைவி இங்க உங்ககூட இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா?"

அஸ்லாக் ஆயுசெல்லாம் கார் ஏற்றும் படகில் வேலை பார்த்தவர். வண்டிகளைக் கை காட்டியே தளத்தில் வரிசைப்படுத்துவார். பேச்சு போனபிறகு அந்தக் கைதான் வீட்டுப் பாஷை. இப்போது திரும்பி, இடது உள்ளங்கையை யோருனுக்கு நேராக விரித்துக் காட்டினார். நில், இதற்கு மேல் வராதே.

"பக்கத்து ரூம்ல திரையில பார்க்கலாமா, பார்க்கக்கூடாதா?"

கட்டைவிரல் மேலே போனது. கதவு சாத்திக்கொண்டது.

"என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டார்" என்றாள் யோருன் மகளிடம். "மூணு வருஷத்துல ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்ல."

"நாம கேட்டதே இல்லையேம்மா."

இருவரும் திரை முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்று உள்ளே ஐவின்டின் குரல் கேட்டது. "நாங்க சோதிக்கிறது உங்கள இல்ல, இந்தப் பக்கத்ததான். நீங்க எங்கயாவது மாட்டிக்கிட்டா தப்பு எங்களோடது. இதுல வர்ற பேரு, கடிதம் எல்லாம் கற்பனை. ஒரு கடிதம் வந்திருக்கு. படிச்சுட்டு உங்க இஷ்டப்படி பதில் கொடுங்க."

சொல்லிவிட்டு அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அஸ்லாக்கின் விரல் திரைமேல் ஊர்ந்தது. தவறான இடத்தில் அழுத்தினார். வேறெங்கோ போனார். திரும்பி வந்தார்.

"கீழ இருக்கு, கீழ இழு" என்றாள் யோருன் திரையைப் பார்த்து. "அந்தப் பையன் ஏன் சும்மா உக்காந்திருக்கான்? சொல்லிக்கொடுத்தா என்ன?"

"உதவாம இருக்கிறதுதாம்மா அவன் வேலை. வீட்ல ஐவின்ட் இருக்க மாட்டான்ல."

"நான் இருப்பேன்ல."

தோராவின் கண் திரையிலேயே இருந்தது. அவளே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். 'கேட்க' என்ற பொத்தானைப் பக்கத்தின் ஓரத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். அம்மாவுக்கு அது தேவைப்பட்டதே இல்லை, அதனால் ஓரத்துக்குப் போயிற்று. அப்பா அதைத் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தார். கடிதத்தை ஒரு குரல், பக்கத்து அறைக்கு எட்டாத அளவு மெல்ல, படித்துக் காட்டியது. அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை குரல் பாதி படித்துக்கொண்டிருக்கும்போது திரை வெள்ளையானது. வெகுநேரம் எதுவும் செய்யாததால் உங்கள் பாதுகாப்புக்காக வெளியேற்றிவிட்டோம் என்றது.

"சனியனே" என்றார் அஸ்லாக், தெள்ளத் தெளிவாக.

அவர் வாயில் பிசகாமல் வருவது வசவு மட்டும்தான். ஐவின்ட் சிரித்தான், அவரும் சிரித்தார். பக்கத்து அறையில் தாயும் மகளும்கூடச் சிரித்துவிட்டார்கள். "கேட்டுக்கிட்டு இருந்த மனுஷன எதுவும் செய்யலன்னு தொரத்தி இருக்கேன் பாரு" என்று தோரா தலையில் அடித்துக்கொண்டாள்.

விட்டுவிடுவார் என்றுதான் யோருன் நினைத்தாள். வீட்டில் இந்த இடத்தில் அவள் கணினியை வாங்கிக்கொள்வாள், அவரும் கொடுத்துவிடுவார். இங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அஸ்லாக் சட்டைக் கையைப் பல்லால் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை கடிதம் பெரிதாகத் திறந்தது. யோருன் அப்போதுதான் அதைப் படித்தாள்.

பேச்சுப் பயிற்சி இல்லம். எட்டு வாரம். வருகிறீர்களா?

"இது யாரு எழுதினது?" அவள் மகளின் கையைப் பிடித்தாள்.

"நான்தான். சோதனைக்கு ஒரு மாதிரிக் கடிதம் வேணும்ல. நிஜமா இப்படித்தான் போகும், அதனால..." தோரா திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா?"

உள்ளே அஸ்லாக் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விரல் அந்த வரியின் கீழே நின்றது. பிறகு, தயங்காமல், 'வருகிறேன்' என்பதை அழுத்தினார்.

"வருகிறேன்னுதானே அழுத்த நெனச்சீங்க?" என்றான் ஐவின்ட்.

கட்டைவிரல் மேலே.

"வரலன்னு அழுத்த நெனச்சீங்களா?"

கட்டைவிரல் கீழே.

"கற்பனைக் கடிதம்னு சொன்னேன். உங்களுக்கு நிஜமாவே இப்படி ஒண்ணு வந்தா?"

அஸ்லாக் வாய் திறந்தார். ஏதேதோ சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

யோருனின் மடியிலிருந்த ரொட்டிப் பொட்டலம் தரையில் விழுந்தது.

*

"வந்துதுடி" என்றாள். "நிஜமாவே வந்துது. போன வாரம். நான் வரலன்னு அழுத்திட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். பனிச்சறுக்கு, ஒரே தடவை கேட்டது, உருளைக்கிழங்கு. மகள் திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

தோராவின் முகம்தான் மாறியது. "நீ பதில் கொடுத்ததும் அப்பாவோட போனுக்கு ஒரு செய்தி போயிருக்கணுமே. உங்க சார்புல இப்படி ஒரு பதில் போயிருக்குன்னு."

"ஒண்ணும் வரலியே."

"வராது." தோரா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "வராது. நான்தான் வேண்டாம்னு எடுத்தேன். நோயாளிக்குச் செய்தி போனா அவங்க குழம்பறாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நீயும் சொன்னே. பாவம், தொந்தரவு வேண்டாமேன்னு உதவியாளருக்கு மட்டும் போற மாதிரி வெச்சுட்டேன்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்பு செய்த வேலைதான் இரண்டும். அதுதான் இருவருக்கும் தாங்கவில்லை.

"திங்கட்கிழமை இது வெளிய போகாது. நான் போய்ச் சொல்லிக்கிறேன்" என்றாள் தோரா. "அப்பாகிட்ட நீ சொல்லணும்மா. நான் சொல்லக்கூடாது."

சாப்பாட்டு அறையில் அப்போது யாரும் இல்லை. அஸ்லாக் களைத்திருந்தார், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யோருன் அவர் எதிரில் உட்கார்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிரித்து வைத்தாள். பிறகு சொன்னாள். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, அவருக்குப் புரியும்படி. உனக்குக் கடிதம் வந்தது. அந்த இல்லத்திலிருந்து. நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். உன்னைச் சரியாகக் கேட்கவில்லை.

அஸ்லாக் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே துறைமுகத்தின் மேல் மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் யோருனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கடைசியில் திரும்பினார். விரலை அவளை நோக்கி நீட்டி, புருவத்தை உயர்த்தினார். ஏன்?

"நீ அங்க போய்த் தோத்துடுவியோன்னு பயம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றாள் யோருன். "அது பொய். எட்டு வாரம் நீ இல்லாம அந்த வீட்ல நான் என்ன பண்ணுவேன்? காலையில எழுந்தா உனக்காகப் பேசறேன், ராத்திரி வரைக்கும் உனக்காகப் பேசறேன். எனக்காக என்ன பேசறதுன்னே எனக்கு மறந்துபோச்சு அஸ்லாக். உனக்குப் பேச்சு வந்துட்டா நான் எதுக்குன்னு ஆயிடுமோன்னு பயந்தேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு பையிலிருந்து தன் போனை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"பதில இணையத்துல மாத்த முடியாதுப்பா" என்றாள் தோரா வாசலில் நின்றபடி. "போன்லதான் சொல்லணும். மூணு மணிக்கு மூடிடுவாங்க." சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

யோருன் பழக்கதோஷத்தில் போனை எடுக்கப் போனாள். அஸ்லாக் அதன்மேல் கையை வைத்துவிட்டார்.

"நீயா பேசப் போற?"

"ஆமா" என்றார். கட்டைவிரலும் அதையே சொன்னது.

தோரா அழைக்க வேண்டிய எண்ணைத் தேடிக் கொடுத்தாள். அரசு ஒவ்வொருவருக்கும் தரும் பிறப்பு எண்ணை அவரே ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒலிபெருக்கியில் மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், யார் பேசறீங்க?"

அஸ்லாக்கின் உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "ஆ... ஆ..."

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

யோருன் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். அவள் நாக்கு நுனியில் நின்றது. இந்தப் பெண் போனை வைத்துவிட்டால்?

அந்தப் பெண் வைக்கவில்லை. மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. "பேசறதுக்குச் சிரமமா இருக்கா? பரவாயில்ல, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. இப்படிப் பண்ணலாம். நான் கேக்கறேன், நீங்க மேசையத் தட்டுங்க. ஆமான்னா ஒரு தடவ. இல்லன்னா ரெண்டு தடவ. பக்கத்துல யாராவது இருந்தீங்கன்னா கோவிச்சுக்காதீங்க, நான் இவர்கிட்டதான் கேக்கறேன். நீங்க அழுத்தின எண்ணப் பார்த்தா, உங்க பேரு அஸ்லாக்தானே?"

டொக்.

தோரா சுவரில் சாய்ந்துகொண்டாள். எத்தனை கூட்டம், எத்தனை வரைபடம் போட்டும் அவர்களுக்குத் தோன்றாத ஒன்று.

"போன வாரம் பயிற்சி இல்லத்துக்கு வரலன்னு உங்ககிட்டேருந்து பதில் வந்திருக்கு. அத மாத்தணுமா?"

டொக்.

கணினி விசைகளின் சத்தம் கேட்டது. "பாருங்க, அந்த இடத்த இன்னொருத்தருக்குக் கொடுத்தாச்சு. அவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அவங்க வரலன்னா அடுத்தது உங்களுக்குத்தான் வரும், ஞாயித்துக்கிழமையே கிளம்பணும். அவங்க வந்துட்டா இப்போதைக்கு இல்ல. உங்க பேர எழுதிக்கட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க. எட்டு வாரம் வீட்டை விட்டு இருக்கணும்."

அஸ்லாக் உடனே தட்டவில்லை. யோருனைப் பார்த்தார். அவள் கையைத் தன் வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். தலையை ஆட்டவில்லை, கண்ணால்கூட எதுவும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த மிகக் கடினமான வேலையை அப்போது செய்துகொண்டிருந்தாள்.

டொக்.

கை மறுபடி உயர்ந்தது. இன்னொரு முறை விழுந்தால் அவர் வீட்டிலேயே இருப்பார். இரவு ரொட்டி இருவருக்கும் வெட்ட வேண்டியிருக்கும், காலையில் அந்த மேல் பொத்தானைப் போட வேண்டியிருக்கும். விழட்டும் என்று யோருன் மனதில் ஒரு பாதி கெஞ்சியது. விழக்கூடாது என்று இன்னொரு பாதி கெஞ்சியது. எது தன்னுடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை.

கை இறங்கி வந்தது. மேசையில் விழவில்லை. அவள் கையின் மேல் சத்தமில்லாமல் அமர்ந்தது.

"ஒரு தடவ" என்றது போனில் குரல். "எழுதிக்கிட்டேன்."